அத்தியாயம் 6: நிலை வைப்பதற்கு முன் மரம் காய வேண்டும்

நிலை வைக்க நாள் குறித்த பிறகுதான் நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் மரத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள். தோட்டத்து மாமரத்தையோ வேம்பையோ வெட்டி அறுப்பு மில்லுக்கு அனுப்புகிறார்கள். மூன்றாவது வாரமே ஆசாரி நிலையைக் கூட்டி நிறுத்திவிடுகிறார். பொட்டு வைத்து, மாவிலை கட்டி, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. ஐப்பசியில் கதவு பிடிக்கிறது. பங்குனியில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிறது. ஆசாரியைத் திட்டிப் பயனில்லை, அவர் கையில் நாம் கொடுத்தது பச்சை மரம்.

சொந்த மரத்தை அறுத்து வீட்டு வேலைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கும், ஓசூர், பாகலூர், சூளகிரி, பர்கூர்ப் பக்கம் சிறு பட்டறை நடத்துபவர்களுக்கும் இந்த அத்தியாயம். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு எடைத் தராசு, கொஞ்சம் இடம், நிறையப் பொறுமை.

எவ்வளவு காய்ச்சல் வேண்டும்?

கொள்கை என்று தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். காற்று ஈரமானால் மரம் ஈரத்தை வாங்கும், வறண்டால் விடும். 30 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிலைகொள்ளும். காற்று 80 சதவீதத்துக்கு ஏறினால் மரம் 16-ஐத் தொடும். 40-க்கு இறங்கினால் 7, 8 வரை வந்துவிடும். ஆகவே மரம் எங்கே இருக்கப் போகிறதோ அந்த இடத்துக்குத் தக்கபடிதான் காயவைக்க வேண்டும். ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரக் குறியீடு இதற்காகவே நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. நம் பகுதிக்கு நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

• நிலைச்சட்டம், உத்திரம்: 12 முதல் 14 சதவீதம்
• கதவு, ஜன்னல் பலகை, வீட்டு மேசை நாற்காலி: 10 முதல் 12
• பெங்களூரில் ஏ.சி. ஓடும் அலுவலகத்துக்குப் போகும் சாமான்: 8 முதல் 10
• பேக்கிங் பெட்டி, பேலட்: 20-க்குக் கீழே

மூன்றாவது வரியில்தான் ஓசூர்ப் பட்டறைகள் அதிகம் அடிபடுகின்றன. இங்கே 13 சதவீதத்தில் செய்த தேக்கு மேசை நம் வீட்டில் ஒழுங்காகவே நிற்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏ.சி. அறைக்குப் போன சில மாதங்களில் அதே மேசையின் இணைப்பு வாய் திறக்கும். கணக்கு எளியது. தேக்கு பச்சையிலிருந்து முழுக் காய்ச்சலுக்குப் போகும்போது அகல வாக்கில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். 18 சதவீத ஈரத்தில் 20 செ.மீ. அகலமுள்ள பலகை 10 சதவீதத்துக்கு இறங்கினால் 3 மி.மீ. குறையும். அதுவும் தேக்கில்! யூகலிப்டஸ் இதைவிட வெகுவாகச் சுருங்கும்.

வெட்டுவதற்கு முன்

சொந்த நிலத்து மரம் என்றாலும் எல்லாவற்றையும் நினைத்தபடி வெட்டிக் கொண்டுபோக முடியாது. சந்தனம், ஈட்டி போன்றவற்றில் அனுமதி இல்லாமல் கை வைக்கவே வேண்டாம். மற்ற மரங்களுக்கும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஆனேக்கல், கோலார்ப் பக்கத்திலிருந்து அத்திப்பள்ளி வழியாக வாங்கி வருவதானால் பில்லும் கடத்து அனுமதியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

எந்த மரம் எப்படி நடந்துகொள்ளும்?

மா: கிருஷ்ணகிரியில் காய்ப்பு ஓய்ந்த தோப்புகளிலிருந்து மலிவாகக் கிடைப்பது. சீக்கிரம் காயும். ஆனால் ஈரத்தோடு அடைத்து வைத்தால் சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், உளுக்கவும் செய்யும். சில்வர் ஓக்: தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரப்போரம் நிற்பது. லேசான மரம், காயவைக்கச் சிரமம் இல்லை. வேம்பும் வாகையும் நடுத்தரம். புளி கடினம், மெதுவாகத்தான் காயும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். தேக்கு நல்ல பிள்ளை.

யூகலிப்டஸை வீட்டுப் பலகைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முறுக்கும், பிளக்கும், காயும்போது உள்ளுக்குள்ளேயே அமுங்கிப் போவதும் உண்டு. சாரத்துக்கும் கம்பத்துக்கும் அது போதும்.

அறுப்பும் அடுக்கும்: படிப்படியாக

1. வெட்டிய அன்றே கட்டையின் இரு முனைகளிலும் பழைய எனாமல் பெயிண்ட், உருக்கிய மெழுகு, தார் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தடிமனாகப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக ஓடும், வெடிப்பு தொடங்குவதும் அங்கேதான். மறுநாள் பூசுவது அரைப் பலன்தான்.

2. கட்டையை நிழலில் போடுங்கள். மா, சில்வர் ஓக் என்றால் ஒரு வாரத்துக்குள் அறுத்துவிடுங்கள்.

3. மில்லில் அளவு சொல்லும்போது சுருக்கத்துக்கும் இழைப்புக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலையில் 25 மி.மீ. வேண்டுமென்றால் 30 மி.மீ. அறுங்கள். நடு நெட்டி எந்தப் பலகையிலும் முழுதாக அகப்படக் கூடாது. அது இருக்கும் பலகை நிச்சயம் பிளக்கும். அதைத் தனியே ஒதுக்கி ரீப்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பூச்சி பிடிக்கும் மரம் என்றால் அறுத்த ஈரத்தோடேயே போரான் கரைசலில் முக்குங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ போரிக் அமிலம், 3 கிலோ போராக்ஸ். வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரையும். முக்கிய பலகைகளை நெருக்கி அடுக்கி, பாலிதீன் போட்டு இரண்டு வாரம் மூடி வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். மூடிய நாட்களில் பூசணம் பூக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். இந்த மருந்து மழையில் கரைந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

5. மருந்து போடாத பலகையை அறுத்த அன்றே அடுக்குங்கள். மில்லிலிருந்து வந்த லோடு அப்படியே ஒரு ராத்திரி ஒட்டிக் கிடந்தாலும் மாம்பலகையில் நீலம் வரும்.

6. அடித்தளம்: சிமென்ட் பிளாக் வைத்துத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். மட்டம் பார்த்து வையுங்கள். அடித்தளம் கோணினால் பலகையும் அந்தக் கோணலிலேயே காய்ந்துவிடும்.

7. திசை: நம் பக்கத்தில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருகிறது, பனிக்காலக் காற்று கிழக்கிலிருந்து. பலகைகளின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். காற்று அடுக்கின் குறுக்கே நுழைந்து மறுபக்கம் போய்விடும்.

8. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் விடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே குறுக்காக ரீப்பர் வையுங்கள். ரீப்பர் 25க்கு 25 மி.மீ., எல்லாம் ஒரே கனம், நன்றாகக் காய்ந்த கட்டை. பச்சை ரீப்பர் வைத்தால் அது பட்ட இடமெல்லாம் பலகையில் கறை பிடிக்கும்.

9. ரீப்பர்கள் ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளியில் இருக்கட்டும். கீழ் வரிசை ரீப்பருக்கு நேர் மேலேயே மேல் வரிசை ரீப்பர் வர வேண்டும். பலகையின் இரு முனையிலும் கண்டிப்பாக ஒன்று வேண்டும்.

10. உச்சியில் பாரம் வையுங்கள். பர்கூர், கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போடும் துண்டுகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். மேல் வரிசைகள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த எடைதான் காவல்.

11. மேலே தகரம், நான்கு பக்கமும் ஒரு அடி வெளியே நீண்டிருக்கட்டும். பக்கங்களைத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். மழைக்குப் பயந்து முழுதாகச் சுற்றி மூடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உள்ளே புழுங்கி, பூசணம் பிடித்து, மரம் காயாமலே கிடக்கும்.

குறிப்பு: ஒன்பதாவது படியை ஆட்களிடம் விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் வேலை முடிக்கும் அவசரத்தில் ரீப்பர் இரண்டு அங்குலம் தள்ளிப் போகும். மூன்று மாதம் கழித்து அந்த இடத்தில் பலகை அலை அலையாக வளைந்திருக்கும். அடுக்கின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ரீப்பர் முனைகள் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும்.

மாதம் பார்த்து வேலை

மரம் வெட்டி அடுக்கத் தை மாதம் சரியான காலம். காலைப் பனி இருந்தாலும் பகல் வறண்டிருக்கும், வெயிலும் சுடாது. மேல் ஈரம் நிதானமாக இறங்கும். மாசி, பங்குனியில் காய்ச்சல் வேகமெடுக்கும். சித்திரை முடிவதற்குள் லேசான மரம் தயாராகிவிடும்.

பங்குனியில் வெட்டி அப்போதே அடுக்கினால் மேல்தோல் சட்டென்று காய்ந்து உள் ஈரம் மாட்டிக்கொள்ளும். முகம் முழுக்க மயிரிழை வெடிப்பு வரும். வேறு வழியில்லை என்றால் முதல் மூன்று வாரம் வெயில் படும் பக்கத்தில் கோணிச்சாக்கு தொங்கவிடுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு அருகில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் ஊத்தங்கரையும் நல்ல தாழ்வு, வெக்கை அதிகம். கீழ்ப்பக்கத்துக்காரர்களுக்குக் கோணிச்சாக்கு இன்னும் அவசியம்.

ஆவணி முதல் ஐப்பசி வரை பெய்யும் மழையில் வெளியடுக்கு காய்வது பெயரளவில்தான். அந்த மாதங்களில் 16-க்குக் கீழே இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு அங்குல மா, சில்வர் ஓக் பலகை தையில் அடுக்கினால் இரண்டு மூன்று மாதம். வேம்பு, வாகை நான்கைந்து மாதம். புளி அரை வருடத்துக்கு மேல். மூன்று அங்குல நிலைச்சட்டத்துக்கு ஒரு வருடமாவது வேண்டும். நாள் நெருங்கிவிட்டது என்றால் பச்சைச் சட்டத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். பழைய வீடு பிரித்த மரம் வாங்குங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய தேக்குச் சட்டம் பல தலைமுறை காய்ந்தது. ஆணி இருக்கிறதா, உளுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா? எடை சொல்லும்

"தட்டிப் பார்த்தா சத்தத்துலயே தெரியுமுங்க" என்பார் ஆசாரி. அனுபவசாலியின் காதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் காது 20-க்கும் 30-க்கும் வித்தியாசம் சொல்லும், 12-க்கும் 16-க்கும் சொல்லாது. கீழே உள்ள சோதனைக்குச் சமையலறை டிஜிட்டல் தராசும் ஒரு ஓ.டி.ஜி. அடுப்பும் போதும்.

1. அடுக்கும் நாளில் ஒரு நடுத்தரப் பலகையின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒரு அங்குல அகலத்துக்குக் குறுக்குத் துண்டு அறுங்கள். முனைத் துண்டு வேண்டாம், அது எப்போதும் காய்ந்தே இருக்கும்.

2. உடனே எடை போட்டு எழுதுங்கள். 260 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

3. அடுப்பில் 103 டிகிரியை ஒட்டி வைத்துக் காயவிடுங்கள். சில மணிக்கொரு முறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றதும் எடுங்கள். 200 கிராம் நின்றால், குறைந்த 60-ஐ 200-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஈரப்பதம் 30 சதவீதம். பச்சை மரத்தில் 60, 80 என்று வந்தால் திகைக்க வேண்டாம். சில மரங்களில் 100-ஐத் தாண்டும்.

4. அதே பலகையிலிருந்து இரண்டரை அடித் துண்டு ஒன்றை எடுத்து, முனைகளுக்கு மெழுகு பூசி, எடை எழுதி, அடுக்கின் நடுவில் சுலபமாக உருவக்கூடிய இடத்தில் செருகுங்கள். சோதனைத் துண்டில் ஈரம் 60 சதவீதம் வந்து, இந்தப் பலகை 4 கிலோ இருந்தால், முழுக் காய்ச்சல் எடை 4-ஐ 1.6-ஆல் வகுத்து 2.5 கிலோ. 12 சதவீதத்தில் அது 2.8 கிலோ இருக்க வேண்டும். பலகையின் மேலேயே பென்சிலால் 2.8 என்று எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை உருவி எடை போடுங்கள்.

முள் குத்தும் மாய்ச்சர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையின் மேலே குத்தினால் மேல்தோலின் ஈரத்தைத்தான் அது சொல்லும். நடுவில் குறுக்கே அறுத்து, புது முகத்தில் குத்துங்கள். மரத்துக்கு மரம் திருத்தம் உண்டு, மீட்டரோடு வரும் அட்டவணையைத் தூக்கி எறியாதீர்கள். சந்தேகம் என்றால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938-இல் மைசூர் சமஸ்தானத்து வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1988-இல் இன்றைய பெயர் பெற்றது. மரம் எது என்று அடையாளம் காணவும் காயவைக்கும் முறை பற்றிக் கேட்கவும் ஓசூரிலிருந்து அரை நாள் பயணம்தான்.

பாலிஹவுஸ் தெரிந்த ஊரில் சூரிய அறை

வெளியடுக்கில் நம் ஊர் மரம் 12, 13 வரை வரும். அதற்குக் கீழே இறக்க அடைத்த அறை வேண்டும். இதில் ஓசூருக்கு ஒரு வசதி உண்டு. ரோஜாவுக்குப் பாலிஹவுஸ் போட்டுக் கொடுக்கும் ஆட்களும், வெயில் தாங்கும் 200 மைக்ரான் பாலிதீனும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அதே குழாய், அதே பாலிதீன், அதே ஆட்களை வைத்துச் சிறிய சூரிய அறை கட்டிவிடலாம்.

• கூரை தெற்கு நோக்கிச் சரியட்டும். 50 கன அடிப் பலகைக்கு 60 சதுர அடிக் கூரை போதும். கூரையைப் பெரிதாக்கினால் வேகம் கூடும், வெடிப்பும் கூடும்.
• கூரைக்குக் கீழே மங்கலான கறுப்பு பூசிய தகடு. அது சூடாகும். விசிறி அந்தச் சூட்டை அடுக்கின் வழியே தள்ளும்.
• வடக்குச் சுவரில் மேலும் கீழும் திறந்து மூடும் துவாரங்கள். பலகை ஏற்றிய புதிதில் அகலத் திறந்து, காயக் காயக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.
• ராத்திரி விசிறியை நிறுத்திவிடுங்கள். அறை குளிர்ந்து உள்ளே ஈரம் ஏறும், மேல்தோல் சற்றுத் தளரும். இந்த ராத்திரி ஓய்வினால்தான் சூரிய அறையில் அனுபவமில்லாதவர்கூடப் பலகையைக் கெடுப்பது அபூர்வம்.

பச்சைப் பலகையை நேரே அறைக்குள் ஏற்றாதீர்கள். முதலில் வெளியே அடுக்கி 25 சதவீதத்துக்கு வந்த பிறகு ஏற்றினால் அறையும் சீக்கிரம் காலியாகும்.

பழைய பேலட் வாங்குபவர்களுக்கு

சிப்காட் கம்பெனிகள் கழிக்கும் பைன் பேலட்டையும் பெட்டியையும் வாங்கி அலமாரி செய்வது இப்போது பெருகியிருக்கிறது. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். பன்னாட்டு விதியான ஐ.எஸ்.பி.எம். 15 கேட்பது அதைத்தான். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

எச்.டி. என்றால் பூச்சி செத்துவிட்டது என்று மட்டுமே அர்த்தம், மரம் காய்ந்துவிட்டது என்றில்லை. ஏற்றுமதிப் பெட்டி செய்யும் பட்டறைகளும் இதில் ஏமாறுகின்றன. முத்திரை சரியாக இருக்கும், பலகை 30 சதவீத ஈரத்தில் இருக்கும். கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் அந்த ஈரம் வெளியேறி மேல் தகட்டில் முத்து முத்தாகக் கோர்த்து, உள்ளே இருக்கும் இரும்பு உதிரிபாகத்தின் மேலேயே சொட்டும். துரு பிடித்தது என்று சரக்கு திரும்பி வரும்போது பழி பாகத்தைச் சுற்றிய எண்ணெய்க் காகிதத்தின் மேல் விழுகிறது.

பாதுகாப்பு

அடுக்கைப் பிரிக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள். நிழலும் சந்தும் கட்டுவிரியனுக்கும் தேளுக்கும் பிடித்த இடம். நீளக் கம்பால் தட்டிவிட்டு, மேலிருந்து ஒரு வரிசையாக எடுங்கள். அடுக்கின் உயரம் அகலத்தைவிட அதிகம் போக வேண்டாம். குழந்தைகள் ஏறும் இடம் என்றால் சுற்றி வேலி போடுங்கள். பர்னீச்சர் பட்டறைத் தூளில் முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். போரான் கரைசலுக்குக் கையுறை போடுங்கள். மீதியைக் கிணற்றோரமோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ கொட்டாதீர்கள். பச்சை நிறம் ஏறிய மருந்து மரத்துண்டை ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். அதில் ஆர்சனிக் இருக்கலாம். சூரிய அறை விசிறிக்கு இ.எல்.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பொருத்திய பிறகு

கஷ்டப்பட்டுக் காயவைத்த கதவைப் பூச்சு வேலை நடக்கும் வீட்டுக்குள் சாத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் பூச்சிலிருந்து வாரக்கணக்கில் தண்ணீர் வெளியேறும், கதவு அத்தனையையும் குடிக்கும். பூச்சு காய்ந்து, சுவருக்கு முதல் கை வண்ணம் அடித்த பிறகு கதவைக் கொண்டுவாருங்கள். நிலையின் சுவர் படும் பக்கத்துக்கும் அடிக் காலுக்கும் நிறுத்துவதற்கு முன்பே தார்ப் பூச்சு கொடுங்கள்.

கதவைக் கழற்றி அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். பத்து வீட்டில் எட்டு வீட்டில் அங்கே பெயிண்ட் இருக்காது. கண்ணில் படாத விளிம்பு என்று விட்டுவிடுகிறார்கள். வீடு கழுவும் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் இரண்டு கை பூசிய பிறகே மாட்டுங்கள். பங்குனியில் மாட்டும் கதவுக்குச் சுற்றிலும் 3, 4 மி.மீ. சந்து விடுங்கள், ஐப்பசியில் மாட்டினால் 2 போதும்.

மழையில் கதவு பிடித்தால் உடனே இழைப்புளியைத் தூக்காதீர்கள். உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து நாளை ஓட்டுங்கள். தை வந்தும் பிடித்தால் அப்போது இழைத்து, இழைத்த விளிம்புக்கு அன்றே பெயிண்ட் அடித்துவிடுங்கள்.